"புல்டோசர் ஓட்டினேன், அவ்வளவுதான்"

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவருடைய தாத்தாவுக்கு அடுத்த மாதம் 99 வயது நிறைகிறது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் ‘சீபீ’ என்ற கட்டுமானப் பிரிவில் பசிபிக் தீவுகளில் இருந்தவர். ஊர் திரும்பியபின் 40 ஆண்டு மண்வேலை ஒப்பந்தத் தொழில் நடத்தினார். அவர் வாழ்க்கையைச் சிறு புத்தகமாக எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போரைப் பற்றிக் கேட்டால், "புல்டோசர் ஓட்டினேன், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஓஹியோ

பதில்: நீங்கள் போரைக் கேட்கிறீர்கள், அவர் வேலையைச் சொல்கிறார். வேலையையே கேளுங்கள், அம்மா.

அந்தப் படை பிறந்ததே வேலைக்காகத்தான். 1941 டிசம்பரில் பசிபிக்கின் வேக் தீவில் அமெரிக்க ராணுவத் தளம் கட்டிக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானத் தொழிலாளர்கள் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். சீருடை இல்லாதவன் துப்பாக்கியைத் தொட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்புகூடக் கிடைக்காது. ஆகவே கட்டுகிறவர்களுக்கே சீருடை மாட்டிவிடுவது என்று கடற்படைக் கட்டுமானத் துறையின் தலைவர் அட்மிரல் பென் மொரீல் அனுமதி கேட்டார். 1942 ஜனவரி 5 அன்று கிடைத்தது. சாலை, அணை, துறைமுகம் என்று கை காய்த்துப்போனவர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 37!

உங்கள் தாத்தா அப்போது மீசை முளைக்கிற பையன். போரின் கடைசிப் பகுதியில்தான் போயிருப்பார். தன் அப்பா வயதுக்காரர்களுக்கு நடுவே தொழில் பழகியிருப்பார். யார் பக்கத்தில் நின்று பழகினார், முதலில் எதை உடைத்தார், யாரிடம் திட்டு வாங்கினார் என்று கேளுங்கள். வாய் திறப்பார்.

உங்களுக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பசிபிக்கில் உள்ள குவாடல்கனால் தீவின் விமான ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பள்ளத்தை நிரப்ப எவ்வளவு மணலும் சரளையும் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அவ்வளவையும் லாரிகளில் ஏற்றி ஓடுதளத்தின் ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள் சீபீக்கள். மேலே விரிக்கும் துளையிட்ட இரும்புத் தகடுகளும் அளவாக அடுக்கித் தயார். ஒரு தகடு 10 அடி நீளம், சுமார் 30 கிலோ. 500 பவுண்டு குண்டு தோண்டிய பள்ளத்தை 100 பேர் 40 நிமிடத்தில் மூடினார்கள். போர்க்கதைகளில் எனக்குப் பிடித்த கதை இதுதான்; இதில் யாரும் யாரையும் சுடுவதில்லை.

இந்தக் கணக்குப் புத்திதானே பிறகு ஒப்பந்தக்காரரின் முதலீடு? அதனால் போரையும் தொழிலையும் இரண்டு அத்தியாயமாக வெட்டாதீர்கள். முதல் இயந்திரத்தை எங்கே வாங்கினார்? போர் முடிந்தபின் ராணுவத்தின் மிச்சச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன, படைவீரர்களுக்கு முன்னுரிமையும் இருந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கான 1944 சட்டப்படி தொழில் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது. அவர் கடன் வாங்கினாரா? முதல் வேலையில் நஷ்டப்பட்டாரா? நஷ்டத்தைக் கேளுங்கள்; லாபத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

சில இடங்களில் பேச்சு நின்றுபோகும். அங்கே அடுத்த கேள்வி வேண்டாம். காப்பி கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்றிதழை மேசை இழுப்பறைகளில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் செயின்ட் லூயிஸில் உள்ள படைவீரர் ஆவணக் காப்பகத்துக்கு அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். அங்கே 1973 தீ விபத்தில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பின. அவருடைய பட்டாலியன் எண் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல பட்டாலியன்கள் படங்களோடு தங்களுக்கென்று நினைவு மலர் போட்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் போர்ட் ஹுவனீமியில் உள்ள சீபீ அருங்காட்சியகத்தில் விசாரியுங்கள். பேச்சை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பதிவு செய்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டத்துக்கும் கொடுக்கலாம்.

சீபீ சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ‘பீ’ என்றால் தேனீதானே; மாலுமித் தொப்பி போட்ட தேனீ, முகத்தில் கடுங்கோபம். ஒரு துப்பாக்கி, ஒரு ஸ்பானர், ஒரு சுத்தியல் என்று எல்லாக் கைகளிலும் ஏதோ ஒன்று. அந்தப் படத்தை அவர்முன் வைத்து, "இதில் உங்கள் கை எது, தாத்தா?" என்று கேளுங்கள். பதிவுக் கருவியை அதற்கு முன்பே ஓடவிட்டிருங்கள்.