பத்தடி அறைக்கு எந்த டிவி?

கேள்வி: எங்கள் வீட்டு ஹால் 10 அடிக்கு 9 அடி. பழைய 32 அங்குல டிவி போய்விட்டது. 30,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். சிலர் 43 போதும் என்கிறார்கள், சிலர் 50 வாங்கச் சொல்கிறார்கள். 4கே இல்லாமல் வாங்கவே கூடாது என்கிறார் கடைக்காரர். பக்கத்து வீட்டில் 43 அங்குலம் வாங்கியிருக்கிறார்கள். அதில் சீரியல் பார்த்தால் முகமெல்லாம் கலங்கித் தெரிகிறது. மாமியார் பக்கச் சுவரை ஒட்டிய கட்டிலில் படுத்தபடிதான் பார்ப்பார். பகலெல்லாம் கேபிள், இரவில் ஓ.டி.டி. படம். படம் தெளிவாகத் தெரிந்தால் போதும். எதை வாங்கலாம்? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பக்கத்து வீட்டு டிவியிலிருந்தே தொடங்குகிறேன். அதில் கோளாறு எதுவும் இருக்காது. அதற்குள் போகிற படம்தான் சின்னது.

சாதாரண கேபிள் சேனல், அதாவது எஸ்.டி., வெறும் 576 வரிகளால் ஆன படம். 2006-ல் தொடங்கி தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதன் திரை உயரம் ஒரு சாண்தான். 576 வரிகளும் அதற்குள் நெருக்கமாக அடங்கிவிடும். நாலு அடி தள்ளி உட்கார்ந்தால் படம் பளிச்சென்று இருக்கும். 43 அங்குலத் திரையின் உயரமோ 53 செ.மீ.க்கு மேல். அதே 576 வரிகளை அதில் இழுத்துப் பரப்பினால் ஒவ்வொரு வரியும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமன் ஆகிவிடுகிறது. நல்ல பார்வை உள்ள ஒருவருக்கு அந்தக் கலக்கம் தெரியாமல் இருக்க பத்தரை அடி தள்ளிப் போக வேண்டும். உங்கள் அறையே பத்தடிதான்.

அதனால் டிவிக்கு முன்னால் செட்-டாப் பாக்ஸைப் பாருங்கள். அது எஸ்.டி. பாக்ஸ் என்றால் எவ்வளவு விலை கொடுத்து டிவி வாங்கினாலும் பகல் நேரப் படம் கலங்கலாகத்தான் இருக்கும். கேபிள்காரரிடம் எச்.டி. பாக்ஸ், அதாவது இன்னும் அதிக வரிகள் கொண்ட படத்தைத் தரும் பாக்ஸ், கேளுங்கள். நீங்கள் அதிகம் பார்க்கும் நாலைந்து சேனல்களை மட்டும் எச்.டி.யில் எடுத்தால் போதும், முழு பேக்கேஜ் வேண்டாம்.

பாக்ஸ் வந்தால் மட்டும் வேலை முடியாது, வயரும் மாற வேண்டும். சமீபத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புது டிவி, எச்.டி. பாக்ஸ், மாதாமாதம் எச்.டி. சேனலுக்குப் பணம். ஆனால் படம் மங்கல். பின்னால் கையை விட்டுப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள அந்தப் பழைய ஏ.வி. வயர். பழைய டிவியிலிருந்து கழற்றி அப்படியே புதியதில் மாட்டியிருக்கிறார்கள். அந்த மஞ்சள் முனை வழியாக எஸ்.டி. படம்தான் வரும், எச்.டி. வரவே வராது. எச்.டி.எம்.ஐ. வயரை மாட்டி, பாக்ஸின் மெனுவில் 1080 என்று மாற்றினேன். செய்தி வாசிப்பவரின் சேலைக் கரையில் இருந்த மயில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த வீட்டு அம்மா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். ஒரு வயர் விலைதான் வித்தியாசம்.

சரி, இப்போது அளவு. அறை பத்தடி என்றாலும் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே பத்தடி இருக்காது. சுவரிலிருந்து டிவி அரை அடி முன்னால் வரும். நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்தாலும் உங்கள் கண் சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளித்தான் இருக்கும். ஆக, உங்களுக்குக் கிடைப்பது ஏழு, ஏழரை அடி. தரையில் பாய் போட்டு நடுவில் உட்கார்ந்தால் ஐந்தடி. டேப்பை எடுத்து, நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள்.

ஏழடியில் 50 அங்குலம் சினிமாவுக்கு நன்றாக இருக்கும். நீங்கள் ஓ.டி.டி. மட்டும் பார்ப்பவராக இருந்தால் தயங்காமல் 50 என்று சொல்லியிருப்பேன். ஆனால் பகல் முழுக்க கேபிள் ஓடும் வீடு உங்களுடையது. எல்லா சேனலும் எச்.டி.யில் கிடைக்காது, எஸ்.டி. சேனல் 50-ல் இன்னும் மோசமாகத் தெரியும். 43 தான் உங்களுக்குச் சரி. சந்தேகம் இருந்தால் செய்தித்தாளை ஒட்டி 95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரத்துக்கு வெட்டிச் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் அது அங்கேயே இருக்கட்டும். கதவு இடிக்கிறதா, ஸ்விட்ச் போர்டை மறைக்கிறதா, கட்டிலிலிருந்து தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

32 அங்குலத்தை மலிவு என்று சொல்லி யாராவது தள்ளிவிடப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள்: 32-க்கு மேல் போனால் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்பது பழைய கதை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் 18 சதவீதம்தான்.

4கே விஷயத்தில் கடைக்காரர் சொன்ன முடிவு சரி, ஆனால் படம் கூடுதல் கூர்மையாகத் தெரியும் என்பதற்காக அல்ல. 43 அங்குலத்தில் சாதாரண ஃபுல் எச்.டி. படத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஐந்தரை அடிக்கு அப்பால் போய்விட்டால் அந்தப் புள்ளிகளைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. 4கே-யின் புள்ளி அதிலும் பாதி. அதை முழுதாக அனுபவிக்க மூன்றடிக்குள் போய் உட்கார வேண்டும். ஏழடியிலிருந்து பார்க்கும் உங்களுக்குக் கூர்மையில் வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் 4கே வாங்குங்கள், ஏனென்றால் 43 அங்குலத்தில் கம்பெனிகள் நல்ல பேனலையும் (படம் தெரியும் திரைப் பகுதி) நல்ல பிராசஸரையும் (படத்தைச் சீர்செய்யும் சில்லு) 4கே மாடல்களில்தான் போடுகின்றன.

இனி மாமியார் கட்டில். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். எல்.இ.டி. டிவி பேனல்களில் பெரும்பாலும் இரண்டு வகை. வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், நேராகப் பார்த்தால் படம் ஆழமாகத் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுத்துவிடும். ஐ.பி.எஸ். பேனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகத்தின் நிறம் மாறாது. இருட்டில் தனியாக உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு நான் வி.ஏ. சொல்வேன். உங்களுக்கு ஐ.பி.எஸ். தான். நாள் முழுக்க டிவி பார்ப்பவர் அவர்; அவருக்கு வெளுத்த படத்தைக் கொடுத்துவிட்டு, எப்போதாவது வரும் இருட்டுக் காட்சிக்காக வி.ஏ. எடுப்பதில் நியாயம் இல்லை. சுவரில் மாட்டும்போது, திருப்பக்கூடிய கை வைத்த ஸ்டாண்டைக் கேளுங்கள். பகலில் கட்டில் பக்கம், இரவில் நேராக என்று திருப்பிக்கொள்ளலாம்.

பெட்டியில் பேனல் வகையை எழுத மாட்டார்கள். ஒரே மாடலிலேயே வேறு வேறு பேனல் வருவதும் உண்டு. அதனால் கடையில் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிவிக்கு நேராக நின்று ஒரு முகத்தைப் பாருங்கள். அப்படியே பக்கவாட்டில் நாலைந்து அடி நடந்துபோய், கட்டிலிலிருந்து பார்க்கும் கோணத்தில் நின்று அதே முகத்தைப் பாருங்கள். தோல் நிறம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிட்டால் அந்த டிவி வேண்டாம்.

ஷோரூமில் எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கும் 'விவிட்' மோடில்தான் ஓடும், அதுவும் அதற்கென்றே எடுத்த பூ, பட்டாம்பூச்சி வீடியோவோடு. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு பென்டிரைவில் உங்கள் வீட்டு விசேஷ வீடியோ ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டார் முகத்தின் நிறம் எப்படி இருக்கும் என்று கடைக்காரரைவிட உங்களுக்குத் தெரியும். பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கிரிக்கெட் மேட்ச் போடச் சொல்லி, கேமரா பச்சை மைதானத்தின் குறுக்கே போகும்போது திரையில் அழுக்குத் திட்டுப் போல எதுவும் நிற்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது பேனலின் குறை, துடைத்தால் போகாது.

வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் என்று சொல்லும் எச்.டி.ஆர்., டால்பி விஷன் முத்திரைகளுக்காகப் பணத்தைக் கூட்டாதீர்கள். எச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். உங்கள் தொகையில் கிடைக்கும் டிவிகள் 250, 300 நிட்ஸ் அளவில்தான் இருக்கும். அந்த சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. ஓ.டி.டி. பார்க்க, டிவியில் இருப்பது கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டா, அல்லது கம்பெனியின் சொந்த மென்பொருளா என்று கேளுங்கள். சான்று பெறாத ஆண்ட்ராய்டு போட்ட மலிவு டிவிகளில் சில ஆப்கள் வரவே வராது. வந்தாலும் படம் எச்.டி.யில் ஓடாது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோடு சினிமாவில் இருக்கட்டும். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாக இருக்கிறதே என்று தோன்றும். கண் பழகிய பிறகு பழைய நீல வெளிச்சத்துக்குத் திரும்ப மனசு வராது. ஷார்ப்னெஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பலர் தெளிவு வேண்டும் என்று இதை முழுதாக ஏற்றி வைக்கிறார்கள். எஸ்.டி. சேனலில் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழ அதுதான் காரணம். படங்கள் சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடினால் மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதியை அணைத்துவிடுங்கள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், பகலில் திரை முழுக்க ஜன்னல்தான் தெரியும். பலகைத் தட்டுக்கு மேலே ஏற்றியும் மாட்டாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, திரையின் நடுப்பகுதி ஏறக்குறைய அங்கே இருக்க வேண்டும். நாற்காலிக்கு மூன்றரை அடி. அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பத்து நாளாவது பரண் மேல் வைத்திருங்கள். மைதானத்தில் அந்த அழுக்குத் திட்டு வீட்டில்தான் கண்ணில் பட்டது என்றால், மாற்றிக் கொடுக்க முதலில் பெட்டியைத்தான் கேட்பார்கள்.