முதல் எண்ணில் வந்தவன்தான் சிறந்தவனா? – வாசகர் கேள்வி பதில்

சீசன் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆனால் என் அலுவலகத்தில் இன்னும் 17, 18 வயதுப் பையன்களின் பெயரைச் சொல்லி வாதம் நடக்கிறது. இந்த டிராஃப்ட் என்பது என்ன? – வாசகர், டார்னிட்

ஏ.எஃப்.எல். எனும் ஆஸ்திரேலியக் கால்பந்துப் போட்டியில் 18 அணிகள். பள்ளி முடிக்கும் ஒரு பையனை எந்த அணியும் பணம் கொடுத்து நேராகச் சேர்த்துக்கொள்ள முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறையும் பையன்கள் பெயர் கொடுப்பார்கள். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. அந்த வரிசை எண்ணைத்தான் 'பிக்' என்கிறார்கள். அணிகள் தங்களுக்குள் பிக்குகளை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆண்டு முழுக்கத் தோற்ற அணியின் ரசிகருக்கு நம்பிக்கை பிறக்கிற நாள் இது. உங்கள் அலுவலக நண்பர்கள் ஆளுக்கொரு கற்பனைப் பட்டியல் எழுதி வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

முதல் பிக்கில் வருகிறவர்தான் அந்த ஆண்டின் சிறந்த வீரரா? – வாசகர், பெண்டிகோ

இல்லை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1986-ல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் பெயர் மார்ட்டின் லெஸ்லி. பிரிஸ்பேன் அணி எடுத்தது. அவர் பெயரை இன்று அதிகம் பேர் சொல்வதில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1990-ல், எசெண்டன் அணி 79-வது பிக்கில் ஜேம்ஸ் ஹர்டை எடுத்தது. அவர் 1996-ல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ மெடலைப் பகிர்ந்துகொண்டார், 2000-ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1999-ல். ஃபுட்டி (இந்தக் கால்பந்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) புரியத் தொடங்கிய நேரத்தில் நடந்தது 2001 டிராஃப்ட். அன்றைக்கு வேலை இடத்தில் நடந்த வாதம் இன்னும் காதில் இருக்கிறது: ஹாட்ஜா, பாலா, ஜட்டா? ஹாதோர்ன் அணி ட்ரென்ட் குரோட், லூக் மெக்ஃபார்லின் என்ற இரண்டு வீரர்களை ஃப்ரீமேன்டிலுக்குக் கொடுத்து அந்த முதல் பிக்கை வாங்கி வைத்திருந்தது. லூக் ஹாட்ஜை எடுத்தார்கள். லூக் பால் செயின்ட் கில்டாவுக்கு, கிறிஸ் ஜட் மூன்றாவதாக வெஸ்ட் கோஸ்டுக்கு. ஜட் இரண்டு பிரவுன்லோ வென்றபோது "ஹாதோர்ன் தப்புப் பண்ணிவிட்டது" என்று சொல்லாதவர் இல்லை. பிறகு ஹாட்ஜ் நான்கு கோப்பைகள் வென்றார், அதில் மூன்று கேப்டனாக. இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் மெடல் இரண்டு முறை. அதே டிராஃப்டில் 58-வது பிக்கில் காலிங்வுட் எடுத்த டேன் ஸ்வான் 2011-ல் பிரவுன்லோ வாங்கினார். இதில் யார் சரி, யார் தப்பு என்று சொல்ல நமக்குப் பத்து ஆண்டு பிடித்தது.

2009-ஐயும் பாருங்கள். மெல்போர்னுக்கு முதல் இரண்டு பிக்குகளும் கிடைத்தன. டாம் ஸ்கல்லி, ஜேக் ட்ரெங்கோவ் இருவரும் அப்போது தப்பே இல்லாத தேர்வுகள். ஸ்கல்லி இரண்டு சீசனில் வேறு அணிக்குப் போனார், ட்ரெங்கோவின் காலைக் காயம் பிடித்துக்கொண்டது. மூன்றாவதாக வந்த டஸ்டின் மார்ட்டின் ரிச்மண்டுக்கு மூன்று கோப்பைகளும் மூன்று நார்ம் ஸ்மித் மெடல்களும் கொண்டுவந்தார். 17 வயதில் ஒரு காலுக்கு என்ன ஆகும் என்று எந்த நிபுணரால் சொல்ல முடியும்?

நீங்கள் இளைஞர் ஆட்டங்களை நேரில் போய்ப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு பையன் தேறுவானா என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? – வாசகர், கிளேட்டன்

எனக்குப் பிடித்த கேள்வி. விக்டோரியாவில் பகுதிக்கு ஓர் இளைஞர் அணி உண்டு: பெண்டிகோ பயனியர்ஸ், ஜிப்ஸ்லாண்ட் பவர், ஓக்லி சார்ஜர்ஸ் என்று. எனக்குப் பக்கத்தில் இருப்பது டாண்டினாங் ஸ்டிங்ரேஸ். குளிர்காலத்தில் ஷெப்லி ஓவல் மைதானத்தில் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வேலி ஓரத்தில் நிற்பேன். கொஞ்சம் தள்ளி அணிகளின் தேர்வாளர்கள் நோட்டுப் புத்தகத்துடன் நிற்பார்கள். அவர்கள் பந்தைப் பார்ப்பதைவிடப் பையனைத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் கவனித்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

ரசிகர்கள் அதிகம் பேசுவது எண்களை. எத்தனை முறை பந்தைப் பிடித்துக் கொடுத்தான், 20 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடினான் (3 விநாடிக்குள் ஓடினால் அவன் வேகக்காரன்), 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ன நேரம் எடுத்தான் என்று. எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஆட்டத்தில் 30 முறை பந்தைத் தொட்ட பையன் அதில் பாதியைப் பின்னால் நின்ற தன் ஆளுக்கே கொடுத்திருக்கலாம். நான் பார்ப்பது வேறு. எதிராளி வலது பக்கத்தை அடைத்துவிட்டால் இடது காலால் உதைக்கிறானா? கோல் தவறிய அடுத்த நொடி தலையைத் தொங்கப் போடுகிறானா, திரும்பி ஓடித் துரத்துகிறானா? பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறான்? கடைசிக் கால் பகுதியில், சேறும் களைப்புமாக இருக்கும்போது, குனிந்து பந்தை ஒரே தடவையில் எடுக்கிறானா? இந்தக் கடைசி விஷயம் ஒன்றே எனக்குப் பாதி பதில் சொல்லிவிடும். அப்புறம், ஒரே ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு ஆட்டமாவது பாருங்கள்.

எங்கள் அணி எடுத்த 2 மீட்டர் உயரப் பையன் இரண்டு ஆண்டாக பெஞ்சிலேயே இருக்கிறான். வீண்தானே? – வாசகர், பாயிண்ட் குக்

பொறுங்கள். உயரமானவர்களுக்கு உடம்பு கட்டாக நாளாகும். மேக்ஸ் கான் 2009-ல் 34-வது பிக். முழங்கால் காயங்களோடு பல ஆண்டு போராடினார். 2021-ல் மெல்போர்ன் 57 ஆண்டுக்குப் பிறகு கோப்பை வென்றபோது கேப்டன் அவர்தான்.

அப்பா ஆடிய அணிக்கே மகன் போகலாம் என்ற விதி அநியாயம் இல்லையா? பிரிஸ்பேனுக்கு மட்டும் இரண்டு ஆஷ்கிராஃப்ட் சகோதரர்கள்! – வாசகி, அடிலெய்ட்

விதியை நான் ஆதரிக்கிறேன், விலையைத்தான் கேள்வி கேட்கிறேன். அப்பா ஓர் அணிக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்த அணி கேட்கலாம். வேறு அணி அவன் பெயரைச் சொன்னால் அதற்கு ஈடான மதிப்புப் புள்ளிகளை (ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு) அப்பா ஆடிய அணி தன் பிக்குகளிலிருந்து கொடுக்க வேண்டும். 2001-ல் தன் பழைய வீரர் கேரி ஏப்லெட்டின் மகனை ஜீலாங் 40-வது பிக்கில் வாங்கியதே, அதுதான் அநியாயம். அந்த மகன் பிறகு இரண்டு பிரவுன்லோ வென்றவர். இன்று அப்படி நடக்காது. ஆனாலும் அண்மைக்காலம் வரை பின்வரிசைப் பிக்குகள் நாலைந்தைச் சேர்த்து ஒரு முதல்தர வீரரை வாங்க முடிந்ததே, அந்த விலை இறுக்கமாகவே இருக்க வேண்டும். வில் ஆஷ்கிராஃப்ட் 2024 இறுதி ஆட்டத்தில் நார்ம் ஸ்மித் மெடல் வாங்கியதைப் பார்த்த அடிலெய்ட் ரசிகையின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் பீட்டர் டைகோஸ் 250 ஆட்டம் ஆடிய காலிங்வுட்டின் கறுப்பு வெள்ளைச் சட்டையில் அவர் மகன் நிக் டைகோஸ் ஓடுவதைப் பார்க்கிறபோது, இந்த விதியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மகனுக்கு 16 வயது. உள்ளூர் கிளப்பில் நன்றாக ஆடுகிறான். டிராஃப்ட்தான் கனவு என்கிறான். படிப்பு கெட்டுவிடுமோ என்று அவன் அப்பா பயப்படுகிறார். – ஒரு தாய், எண்டெவர் ஹில்ஸ்

அம்மா, முதலில் தெரிய வேண்டியது: பெற்றோர் ஆசியாவில் பிறந்தவர்களாக இருந்தால், அணிகள் இளைஞர்களுக்கு நடத்தும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி' பயிற்சியில் சேரத் தகுதி இருக்கலாம். கிளப் பயிற்சியாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். நம் வீடுகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அவன் அப்பாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் டிராஃப்டும் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. ஆனால் இரண்டில் ஒன்று என்று அவனிடம் சொல்லாதீர்கள். 18 வயதில் பெயர் வராவிட்டால் கதவு மூடிவிடுவதில்லை. டாம் ஸ்டூவர்ட் 23 வயதில் 40-வது பிக்கில் ஜீலாங்குக்கு வந்து 2022-ல் கோப்பை வென்றார். மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் 2019-ல் சீசன் நடுவில் எடுத்தபோது அவருக்கு 27 வயது. அவருடைய முதல் ஆட்டமே அந்த ஆண்டின் இறுதி ஆட்டம்.

என் மகனும் 16 வயதில் ஒரு பகுதி அணித் தேர்வுக்குப் போனான். அப்போது நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். சுவரில் ஒட்டிய பட்டியலை மூன்று முறை மேலிருந்து கீழே படித்தான். ஏன் பெயர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காரில் வீடு வரும்வரை நானும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு "சரிப்பா, நாளைக்கு கிளப்பில் மேட்ச் இருக்கு, பூட்ஸ் துவைக்கணும்" என்றான். பட்டியல் ஒட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள் அம்மா. அவன் அப்பாவும் வரட்டும்.

எங்கள் நண்பர் குழுவில் ஒரு டிராஃப்ட் பையனை "சோம்பேறி, வீட்டு ஏக்கத்தில் ஓடிவிடுவான்" என்று எழுதினேன். அவனுக்கும் என் வயதுதான். என் அக்கா கோபித்துக்கொண்டாள். ரசிகன் விமர்சிக்கக் கூடாதா? – மாணவன், 17, க்ளென் வேவர்லி

விமர்சிக்கலாம் தம்பி. இடது கால் உதை சரியில்லை என்று எழுது, அது நீ பார்த்தது. சோம்பேறி என்பது நீ பார்த்ததா? யாரோ சொன்னதை நீ திருப்பிச் சொன்னாய்.

ஹார்லி ரீட் வடக்கு விக்டோரியாவின் டொங்காலா என்ற சின்ன ஊர்ப் பையன். 2023-ல் முதல் பிக்காக வெஸ்ட் கோஸ்ட் எடுப்பதற்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே நாடு முழுக்க அவர் பெயர்தான். வெஸ்ட் கோஸ்ட் இருக்கும் பெர்த்துக்குப் போவாரா, திரும்பி வந்துவிடுவாரா என்று பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே வாதம். வீட்டு ஏக்கம் என்கிறாயே, மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போய் இருந்து பார்த்தால் தெரியும். 1999-ல் நான் வந்தபோது எனக்கு 29 வயது. முதல் குளிர்காலம் முழுக்க அழுதேன்.

டாம் பாய்ட் 2013-ல் முதல் பிக். 2016-ல் புல்டாக்ஸ் கோப்பை வென்ற இறுதி ஆட்டத்தில் அவர் தூரத்திலிருந்து உதைத்த கோல் மறக்க முடியாதது. 23 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார். மன அழுத்தத்தைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரைப் பற்றியும் அந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர், நீ எழுதியது போல, எழுதினார்கள்.

அந்த வரியை அழித்துவிடு. அடுத்த சீசனில் ஷெப்லி ஓவலுக்கு உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. கோல் கம்பத்துக்குப் பின்னால் வலது மூலையில் நிற்பேன். யாரை முதல் பிக்காக எடுக்கலாம் என்று மூன்று பேரும் சேர்ந்தே வாதம் பண்ணலாம்.