'ஆளில்லாத' என்று எழுதாதீர்கள்

கேள்வி: பசிபிக் கடலில் கிளிப்பர்டன் என்று ஆளில்லாத பவழத்தீவு ஒன்று உண்டாம். அந்தச் சின்ன மணல்வளையத்தை பிரான்ஸ் ஏன் விடாமல் வைத்திருக்கிறது?

பதில்: கடலுக்காக. நிலம் ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதைச் சுற்றி 200 கடல் மைல் வரை கிடைக்கும் உரிமையால் 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் சூரை மீன் ஓடும் கடல் பிரான்சுக்குச் சொந்தம். சரி, அது முடிந்தது. எனக்கு உறுத்துவது உங்கள் கேள்வியில் இருக்கும் 'ஆளில்லாத' என்ற சொல். வரைபடத்தில் பெயர் எழுதாத இடமெல்லாம் காலி இடம் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை.

அந்தத் தீவு யாருக்கு என்று முடிவுசெய்ததே இந்தச் சொல்தான். 1858 நவம்பர் 17 அன்று ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, வணிகக் கப்பலில் இருந்தபடியே தீவு பிரான்சுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டார். தீவில் ஓர் அடையாளம்கூட வைக்காமல் கப்பல் போய்விட்டது. பிறகு மெக்சிகோவும் உரிமை கேட்க, வழக்கு இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் போனது. 1931இல் அவர் தீர்ப்பளித்தார்: அங்கே ஆட்கள் இல்லை, ஆகவே அந்த அறிவிப்பே போதும்.

1858ஐ வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அங்கே குடும்பங்கள் இருந்தன! கேப்டன் ராமோன் அர்னோவின் தலைமையில் மெக்சிகோ ஒரு காவல்படையை அங்கே குடியமர்த்தியிருந்தது. பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுக்கும் வேலையும் நடந்தது. 1914இல் மெக்சிகோவில் உள்நாட்டுப் போர் முற்ற, உணவுக் கப்பல் வருவது நின்றது. காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1915இல் தூரத்தில் ஒரு கப்பலைப் பார்த்ததாக நம்பி அர்னோவும் சில ஆட்களும் படகில் போனார்கள், திரும்பவில்லை. கடைசியில் மிஞ்சிய ஒரே ஆண், கலங்கரை விளக்கக் காவலாளி அல்வாரெஸ். தன்னை ராஜா என்று அறிவித்துக்கொண்டு பெண்களைக் கொடுமைப்படுத்தினான். 1917 ஜூலையில் திர்சா ரெந்தோன் என்ற பெண் அவனைக் கொன்றார். அதே மாதம் யார்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து, மிஞ்சிய பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. மூன்று வருஷம் தாக்குப்பிடித்த இவர்களை விட்டுவிட்டு அந்தத் தீவின் கதையை எப்படிச் சொல்வது?

அப்புறம், அது வெறும் மணல்வளையமும் இல்லை. பெரும்பாலான பவழத்தீவுகளில் எரிமலை கடலுக்குள் அமிழ்ந்துபோய், அதன் விளிம்பில் வளர்ந்த பவழம் மட்டும் மிஞ்சும். இங்கே அந்தப் பழைய எரிமலையின் ஒரு துண்டு, 29 மீட்டர் உயரப் பாறையாக இன்னும் நிற்கிறது. நடுவிலுள்ள காயலுக்குக் கடலோடு வழி கிடையாது. மழை விழுந்து விழுந்து அதன் மேல்நீர் உப்புக் குறைந்துவிட்டது.

மனிதர் போனாலும் அவர்கள் கொண்டுவந்த பன்றிகள் தங்கிவிட்டன. பறவை முட்டைகளையும் நண்டுகளையும் அவை தின்று தீர்த்தன. 1958இல் கென் ஸ்டேஜர் என்ற பறவை ஆய்வாளர் அவற்றைச் சுட்டுக் கொன்றார். பூபி என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன. இப்போது கரைதட்டிய மீன்பிடிக் கப்பல்களில் இருந்து எலிகள் இறங்கியிருக்கின்றன. மறுபடியும் முட்டைகளுக்கு ஆபத்து.