பதினோராம் மணி வேளையில் வந்தவருக்கும் அதே கூலியா?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையார் வாழ்நாள் முழுவதும் தேவாலயப் பக்கமே வராதவர். குடியும் கடனுமாகவே காலத்தைக் கழித்தார். மருத்துவமனையில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் போதகரை வரவழைத்து, இயேசுவை விசுவாசிப்பதாகச் சொல்லி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார். என் தாயாரோ ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர். ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்து எங்களைப் படிக்க வைத்தவர். இருவருக்கும் ஒரே இரட்சிப்புதான் என்று அடக்க ஆராதனையில் போதகர் சொன்னபோது அம்மா தலை நிமிரவே இல்லை. இது என்ன நியாயம்?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நீங்கள் கேட்ட இதே கேள்வியை இயேசு சொன்ன ஓர் உவமையில் வரும் கூலியாட்களே கேட்டுவிட்டார்கள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்துக்காரர் ஒருவர் விடியற்காலையிலேயே ஆட்களை அழைத்து, நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி வேலைக்கு அனுப்புகிறார். பொழுது சாயும் நேரமான பதினோராம் மணி வேளையில் சும்மா நின்றவர்களையும் அழைத்துக்கொள்கிறார். மாலையில் எல்லாருக்கும் அதே ஒரு பணம். ‘பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த’ முதல் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். இருட்டு விலகுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்த தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு அந்த முணுமுணுப்பின் நியாயத்தை விளக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனால் எசமான் தரும் பதில் கடுமையானது: ‘நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?’ பேசிய கூலியில் எவருக்கும் ஒரு காசுகூடக் குறையவில்லை என்பதும், பிந்தி வந்தவர் பெற்றது முந்தி வந்தவரின் பையிலிருந்து எடுக்கப்பட்டதல்ல என்பதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கின்றன.

கிறிஸ்தவ போதனையின்படி இரட்சிப்பு என்பது சம்பளமல்ல. ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு’ என்று எபேசு நகரச் சபையாருக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதினார். அது சம்பளமாக இருந்திருந்தால் உங்கள் தந்தைக்கு மட்டுமல்ல, உங்கள் தாயாருக்கும் ஆபத்துதான். எத்தனை ஆராதனை, எத்தனை உபவாசம், எத்தனை தையல் வேலை போதும் என்று எந்தக் கணக்கன் சொல்ல முடியும்? உண்மையுள்ளவர்களே இந்தக் கணக்கில் அதிகம் வருந்துகிறார்கள் என்பது என் எண்ணம். தங்கள் குறை அவர்களுக்குத்தானே தெளிவாகத் தெரிகிறது.

சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய குற்றவாளிக்கு ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்ற வாக்கு கிடைத்தது. அவர் எந்த நற்செயலும் செய்யவில்லை. கைகால்கள் அசைய முடியாத நிலையில் செய்யவும் இயலாது. ஆனால் அவர் வாய் திறந்து சொன்னதைக் கவனியுங்கள்: ‘நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்.’ தன் பழியை வேறொருவர் மேல் போடாமல் ஒப்புக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தன்னை முழுவதுமாக ஒப்படைத்தார். விசுவாசம் என்று வேதம் சொல்வது இதைத்தான். உங்கள் தந்தையார் மனத்தில் அந்தக் கடைசி நாட்களில் இது நடந்ததா என்பதை நீங்களும் அறிய முடியாது, நானும் அறிய முடியாது. போதகரும் அவர் வாய்மொழியை நம்பித்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். சபை செய்ய வேண்டியதும் அதுவே.

அதே சமயம், ஒரே இரட்சிப்பு என்பதை எல்லாம் ஒன்றுதான் என்று கேட்டுக்கொள்ள வேண்டாம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், ஒருவன் கட்டியது வெந்துபோனாலும் அவன் ‘அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோல’ இரட்சிக்கப்படுவான் என்றும், கட்டியது நிலைத்தவனோ பலன் பெறுவான் என்றும் பவுல் பிரித்தே பேசுகிறார். உங்கள் தாயார் இரவு வெகுநேரம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தது இரட்சிப்பின் விலையல்ல. ஆனால் அது எங்கும் எழுதப்படாமல் போகவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவன் மன்னித்தார் என்பதால் குடும்பம் பட்ட கடனும் காயமும் நடக்காதவை ஆகிவிடுவதில்லை. வரிவசூல் தலைவனாகிய சகேயு இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டபோது, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். உங்கள் தந்தைக்கு அதற்கான அவகாசம் இருக்கவில்லை. அந்தக் குறையைக் குறை என்றே சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அது விசுவாசக் குறைவாகாது. விதவையாகி முன்வரிசையில் அமர்ந்திருந்தவரின் உழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அந்த உபதேசத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனது, உபதேசம் சரியானதாக இருந்தும், சொன்ன விதத்தில் குறையுள்ளதே.

கேள்வி: நான் இந்து. நம்பினாலே போதும், செயல் தேவையில்லை என்றால் தவறு செய்ய அனுமதி கொடுத்ததுபோல் ஆகாதா? மேலும், எங்கள் வைணவர்களின் சரணாகதியும் நீங்கள் சொல்லும் விசுவாசமும் ஒன்றுதானா?
— வாசகர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: முதல் கேள்வி பவுலின் காலத்திலேயே எழுந்தது. ‘கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?’ என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அவரே கேட்டு, ‘கூடாதே’ என்று முடிக்கிறார். விசுவாசிப்பவர் கிறிஸ்துவோடு இணைக்கப்படுகிறார். இணைந்தபின் பழைய வாழ்வில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது என்பதே அவர் வாதம். நாத்சிகளை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், மனந்திரும்புதல் இல்லாமல் வழங்கப்படும் மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று சாடினார். விசுவாசத்தினாலே மட்டும் இரட்சிப்பு என்ற, சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் உபதேசத்தை அவர் மறுக்கவில்லை. அதை ஒரு சாக்காகப் பயன்படுத்தியவர்களைத்தான் கண்டித்தார். நம் ஊர்களிலும் அந்தச் சாக்கு புழக்கத்தில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி என்னை மகிழ்வித்தது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது. இந்த இரண்டையும் வைத்து, இறைவனை அடைய மனித முயற்சிக்கு இடம் உண்டா, இல்லை அருளே அனைத்துமா என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் தமிழகத்தில் வாதிட்டது உங்களுக்குத் தெரிந்ததே. மேற்கத்திய சபையிலும் இதை ஒத்த வழக்கு நடந்தது. மனிதன் தன் சித்தத்தினாலேயே கட்டளைகளைக் கைக்கொள்ளக் கூடும் என்ற கருத்தைப் பெலாகியுஸ் முன்வைத்தார்; வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் அதை எதிர்த்து, விரும்புவதற்கே அருள் வேண்டும் என்றார்; 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் சங்கம் பெலாகியுஸின் போதனையைக் கண்டித்தது. பூனைக்குட்டிப் பக்கமே அன்று வென்றது எனலாம்.

எனினும் இரண்டையும் ஒன்று என்று சொல்ல நான் தயங்குகிறேன். கிறிஸ்தவ விசுவாசம் ஒரு குறிப்பிட்ட நிகழ்வைப் பற்றியது: பொந்தியு பிலாத்து ஆண்ட காலத்தில் இயேசு சிலுவையில் அறையுண்டு இறந்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதே அது. ‘கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்’ என்று பவுல் அடித்துச் சொல்கிறார். நம்புகிறவரின் உருக்கம் எவ்வளவு என்பதைவிட, நம்பப்படுபவர் என்ன செய்தார் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. நம்மாழ்வாரின் சரணாகதிப் பாசுரங்களைக் கண்ணீரோடு படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களை நான் அறிவேன். அவர்களும் இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன் சபையினர். மகள் பினாங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்படப் போகிறாள். அவர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டுதல் செய்பவர்கள். செயலால் மீட்பு என்று நம்புகிறவர்கள் என்று என் மைத்துனர் எதிர்க்கிறார். யாக்கோபின் நிருபத்தைக் காட்டி அவர்களும் விவாதிக்கிறார்கள்.
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது கத்தோலிக்கப் போதனை அல்ல. லுத்தருக்கு மறுமொழியாகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம், 1547 ஜனவரியில் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியிலேயே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் நீதிமானாக முடியும் என்பவரைச் சபை நீக்கம் செய்தது. அதே சங்கம், மனிதன் எவ்விதத்திலும் ஒத்துழைக்காமல் விசுவாசத்தினால் மாத்திரமே நீதிமானாகிறான் என்பதையும் கண்டித்தது. ஆக, அருள் தேவையா என்பது வழக்கல்ல; அருளோடு மனிதனின் ஒத்துழைப்பு எந்த இடத்தில் வருகிறது என்பதே வழக்கு.

யாக்கோபு பற்றி: மனிதன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, செயல்களினாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது அந்த நிருபம். லுத்தர் 1522இல் அதை வைக்கோல் போன்ற நிருபம் என்று எழுதியது உண்மை. ஆனால் பவுலும் யாக்கோபும் ஒரே ஆபிரகாமின் வாழ்வில் இரு வேறு நாட்களைப் பார்க்கிறார்கள். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தின் மேல் பவுல் நிற்கிறார். மகன் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய 22ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் பார்த்து, அந்த விசுவாசம் மெய்யானது என்பது இங்கே வெளிப்பட்டது என்கிறார் யாக்கோபு. அவர் எதிர்க்கும் விசுவாசம் வெறும் ஒப்புதல்: ‘பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன.’ பவுல் அப்படிப்பட்ட ஒன்றை விசுவாசம் என்று அழைத்ததே இல்லை.

1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், உலக லுத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியினால் அல்ல, அருளினாலே மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு சீகன்பால்க் வந்திறங்கியது முதல் தமிழ் லுத்தரன்கள் சொல்லிவந்த உபதேசத்தின் மையத்தை உரோமாபுரி மறுக்கவில்லை என்பதை உங்கள் மைத்துனருக்குச் சொல்லுங்கள்.

புனிதர்களிடம் வேண்டுவது மட்டும் வேறு விஷயம். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அவர்களை நினைவுகூரலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்கலாகாது என்கிறது. அந்த வேறுபாடு நீங்கவில்லை, அதைப் பூசி மெழுக வேண்டாம். நடைமுறையில், தகராறு குழந்தையின் ஞானஸ்நானத்தில்தான் வெடிக்கும். கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி கேட்கும்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கும் அது தெரிவிக்கப்படும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இரு வீட்டாரும் இதைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பல நாட்களில் ஜெபிக்கவே மனம் வருவதில்லை, கடவுள் இருக்கிறாரா என்றே தோன்றுகிறது. எழுப்புதல் கூட்டங்களில் இரண்டு முறை முன்னால் சென்று என்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன். மறுபடியும் போக வேண்டுமா?
— வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: வேண்டியதில்லை. நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கதறினான். போய் இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். உங்கள் விசுவாசத்தையே நாள்தோறும் எடுத்து அளந்துகொண்டிருந்தால் அதுவே இரட்சிப்புக்காகச் செய்யும் ஒரு புதிய செயலாகிவிடும். தூக்கமில்லாத உடம்பில் எழும் சோர்வை அவிசுவாசம் என்று பெயரிட்டு அழைக்காதீர்கள்; முதலில் தூங்குங்கள், எழுந்தபின் ஒரு சங்கீதத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஞாயிறு காலையில் வேலை இருந்தால் உங்கள் வட்டாரத்தில் மாலை ஆராதனை எந்தச் சபையில் உண்டு என்று விசாரியுங்கள்.