ஜிடி3 வாங்கியது தப்பா?

வாங்கிய போர்ஷே 911 ஜிடி3 காரை விற்றுவிடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு விற்காதீர்கள். உங்கள் பழைய 911-ஆன 997 கரேராவில் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைத்த சுகம், பிந்தைய தலைமுறையான இந்த 991.2 ஜிடி3-யில் இல்லை என்கிறீர்கள்; இதன் குணமே அப்படித்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகும்; சுகமெல்லாம் அந்த உச்சத்தில்தான். இரண்டாம் கியரில் அதைத் தொடுவதற்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் தாண்டிவிடும். ஊர்ச்சாலையில் எங்கே தொடுவது?

ஆனால் ஸ்டியரிங் பள்ளம் பார்த்து இழுக்கிறது என்றீர்களே, அதற்கு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோண அமைப்பு, காரணமாக இருக்கலாம். முன்பு வைத்திருந்தவர் டிராக்குக்காக (பந்தயப் பாதைக்காக) கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவை, ஏற்றியிருப்பார். முன் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கத்தைவிட வழுவழுவென்று தேய்ந்திருந்தால், சாலைக்கான அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், டிராக்கை மனதில் வைத்துச் செய்த மிஷலின் கப் 2 டயர் என்றால் குளிரிலும் மழையிலும் பிடிப்பு குறைவு. டயர் சூடாகும்வரை நிதானமாகப் போங்கள். ஒரு நாள் டிராக்கில் ஓட்டியும் மனசு ஒட்டவில்லையா, சரி, விற்றுவிடுங்கள்.