அமெரிக்காவில் 3-2 இரட்டைப் பட்டமா, நேரடி நான்காண்டுப் பொறியியலா?

3-2 என்பது இரண்டு கல்லூரிகள் சேர்ந்து தரும் ஐந்தாண்டுப் படிப்பு. முதல் மூன்றாண்டு ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல், கணிதம் மாதிரி ஒரு பாடம். அடுத்த இரண்டாண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் பொறியியல். கடைசியில் கையில் இரண்டு இளநிலைப் பட்டங்கள்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? பொறியியலுக்குப் பெரிய ஆய்வுக்கூடங்களும் தனித் துறைகளும் வேண்டும். சிறிய கல்லூரிகள் பலவற்றில் அவை கிடையாது. அதனால் அடித்தளத்தை அவர்கள் போட்டு, மேல்மாடிக்குப் பெரிய இடத்துக்கு அனுப்புகிறார்கள்.

நேரடி ரயிலுக்கும், நடுவில் இறங்கி வண்டி மாறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வண்டி மாறினால் இரண்டு ஊர் பார்க்கலாம். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அடுத்த வண்டியில் இடமும் கிடைக்க வேண்டும்.

அந்த இறங்கும் நேரம்தான் கடினமானது. நண்பர்களெல்லாம் கடைசி ஆண்டைக் கொண்டாடும்போது நீங்கள் புது ஊரில் முதலிலிருந்து தொடங்குவீர்கள். ஐந்தாம் ஆண்டுச் செலவும் உண்டு. முதல் கல்லூரி தந்த உதவித்தொகை பெரும்பாலும் கூடவே வராது. மனம் மாறி நான்காம் ஆண்டும் முதல் கல்லூரியிலேயே தங்கிவிடுபவர்கள் நிறைய. பொறியியல்தான் என்று இன்றே தெளிவாக இருப்பவருக்கு நேரடி நான்காண்டையே சொல்வேன். இலக்கியமோ தத்துவமோ கூடவே வேண்டும் என்று உண்மையாக ஏங்குபவருக்கு 3-2 அருமையான வழி.

முதல் கல்லூரியில் சேர்ந்தாலே பொறியியல் இடமும் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: குறிப்பிட்ட பாடங்களும் மதிப்பெண்ணும் தேவை, கொலம்பியாவில் அதற்கு மேல் போட்டியும் உண்டு.