கார்வான் பாடுகிறது, பங்கு வாங்கலாமா?

கேள்வி: "எனக்கு வயது 61. ஓய்வு பெற்றபோது வந்ததில் 3 லட்சம் சும்மா கிடக்கிறது. வீட்டில் கார்வான் பாட்டுப் பெட்டி காலையிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும். 'பழைய பாட்டுக்கு அழிவே கிடையாது அத்தை, எல்லாத்தையும் சரிகமா பங்குல போடுங்க' என்கிறான் தம்பி மகன். போடலாமா?" - வாசகி, ஈரோடு

பதில்: எல்லாவற்றையும் ஒரே பங்கிலா? வேண்டவே வேண்டாம். கொஞ்சமாக வாங்குவதென்றாலும் அவன் சொன்ன காரணத்துக்காக வாங்காதீர்கள்.

சரிகமா என்பது நாய் படம் போட்ட அந்தப் பழைய எச்.எம்.வி. ரெக்கார்டு கம்பெனிதான். உங்கள் கார்வானும் அவர்களுடையதுதான், ஆனால் அந்தப் பெட்டியை விற்றுப் பெரிய லாபம் வருவதில்லை. யூடியூப், ஸ்பாட்டிஃபை, டிவி, விளம்பரம் என்று பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கட்டும் லைசென்ஸ் பணம்தான் சோறு போடுகிறது. அது நல்ல வியாபாரம்தான், எப்போதோ பதிவு செய்த பாட்டுக்கு இன்றைக்கும் காசு வருகிறதே. ஆனால் நம் காப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 வருஷம்தான். 1970-ல் வெளியான பதிவு என்றால் 2030 டிசம்பரோடு சரி. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு, அது எழுதியவர், இசையமைத்தவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் ஓடும், அது வேறு கணக்கு. ஆக, உங்கள் கார்வானில் ஓடும் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுகளில் பாதிக்கு மேல், பதிவு உரிமை முடிந்த அல்லது சீக்கிரம் முடியப்போகிற பட்டியலில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அதனால் புதுப் பாட்டு வாங்கியே ஆக வேண்டும். பெரிய ஹீரோ படமென்றால் சோனி, டி-சீரிஸ் எல்லோரும் போட்டிக்கு நிற்பார்கள், படம் வருவதற்கு முன்பே கோடிக்கணக்கில் கொடுக்க வேண்டும், படம் ஊத்திக்கொண்டால் பாட்டும் பல நேரம் கூடவே போகும். இந்தச் செலவை ஒரு கம்பெனி அதே வருஷம் கணக்கில் எழுதிவிடும், இன்னொன்று பல வருஷத்துக்குப் பிரித்துக் காட்டும். அதனால் லாபத்தையும் பி.இ.யையும் (பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) மட்டும் வைத்து இரண்டு மியூசிக் கம்பெனியை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஆண்டறிக்கையில் கேஷ் ஃப்ளோ பக்கத்தை, அதாவது பணம் வந்துபோன கணக்கைப் புரட்டி, பாட்டு வாங்கப் போன பணம் போக கையில் என்ன நின்றது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, 2024-ல் ஏர்டெல்லின் பாட்டு ஆப்பான விங்க் மியூசிக்கையே மூடிவிட்டார்கள். ஓசியில் கேட்டுப் பழகிய நாம் மாதக் கட்டணம் கட்டினால்தான் இந்தத் தொழில் வளரும். நீங்கள் கட்டுகிறீர்களா?

தம்பி மகனை அந்த கேஷ் ஃப்ளோ பக்கத்தோடு உட்காரவைத்து விளக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகச் சொன்னால் 15 ஆயிரத்துக்கு வாங்குங்கள். மீதியை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்துவிடும்.